படுக்க வைக்காத சுவாமி பீரோ

பெயர் வெங்கடகிருஷ்ணன், தகப்பனார் ஸ்ரீனிவாசன், வயது 36, காலேஜ் பௌதிக லாபில் டெமான்ஸ்ட்ரேட்டர், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் வாசம். 1952 ஜூலை 9ஆம் தேதி காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகவே வந்து சொல்வதாவது:

நேற்றுக் காலை என் தமக்கையின் கணவர் நாகேஸ்வரன் எங்கள் தெருவுக்குக் குடிமாறி வந்தார். அவருடைய ஆளுயரத் தேக்கு பீரோவை வண்டியிலிருந்து பலகை சாய்த்து இறக்க வேண்டியிருந்தது. சுமைகாரன் பிச்சையா, "சாமி, இது நெட்டுக்குத்தா நிக்காது, படுக்கப் போட்டு இறக்கிருவோம்" என்றான். உட்கதவில் சுவாமி படங்கள் ஒட்டியிருந்தபடியால் நான், "சுவாமி பீரோவைப் படுக்க வைக்கப்படாதுடா, நிக்க வச்சே இறக்கு" என்று அதட்டினேன். அதன் பிறகு, கால்களில் பாலிஷ் போய்விடும் என்று பலகைமேல் ஈரச் சாக்கையும் நானே விரித்தேன். பிச்சையா பின்னாலிருந்து மெள்ளத் தள்ளியதும், அடி சாக்கில் பிடித்துக்கொள்ள, தலை முன்னால் சரிந்து, கீழே நின்ற நாகேஸ்வரனின் கால்மேல் பீரோ விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது.

காலையில் நேரமாகி வந்ததற்குத் தான் திட்டிய கோபத்தில் பிச்சையா வேண்டுமென்றே தள்ளிவிட்டான் என்று நாகேஸ்வரன் வலியில் கத்தினார். அதைப் புகாராக எழுதிக் கொடுத்ததும் என் கைதான். அவனை லாக்கப்பில் அடைத்தபோது நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு இன்று, இன்ஸ்பெக்டரின் தீப்பெட்டியை வாங்கி, மழமழப்பான பரீட்சை அட்டையைச் சாய்த்து, அதில் நெட்டுக்குத்தாக நிறுத்திக் காட்டினேன். வழுக்கி இறங்கியது. அட்டைமேல் துண்டை விரித்ததும் தலைகுப்புற விழுந்தது. அதே துண்டில் படுக்க வைத்ததும் விழாமல் இறங்கியது. "சாரே, ஒருக்கால்கூடிக் காட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். மூன்று தரம் காட்டினேன். மூன்று தரமும் அப்படியே ஆயிற்று.

பதினோரு வருஷமாகப் பையன்களுக்கு இதே பாடத்தைக் காட்டுகிறவன் நான். என் புத்தியை எங்கே அடகு வைத்தேனோ! எழுத்து வாசனை இல்லாத பிச்சையா கண்ணால் பார்த்தே சொன்னான், நான் கேட்கவில்லை. பீரோ சரிந்தபோது நான் ஒதுங்கி ஓடினேன். அவன் ஓடவில்லை, பாய்ந்து வந்து தோள் கொடுத்தான். இல்லாவிட்டால் என் தமக்கை இன்று தாலியோடு இருக்கமாட்டாள். வீங்கிய அந்தத் தோளோடுதான் அவன் கம்பிக்குள் உட்கார்ந்திருக்கிறான், பார்க்க வெட்கமாயிருக்கிறது.

அவனை விட்டுவிட வேண்டும். குற்றம் யார்மேலாவது எழுதியாக வேண்டுமானால் என் பெயரை எழுதிக்கொள்ளவும். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஸ்ரீ. வெங்கடகிருஷ்ணன்