என்ர முறையில வலை போட்ட வள்ளம்

...இல்ல இல்ல, றிஸ்வித் தம்பி, நான் கொண்டந்த படத்தைக் கொம்பியூட்டரில இப்ப திறக்காதீங்கோ! முதல்ல அநியாயங்களை வரிசையாச் சொல்லோணும். வரிசை மாறினா வழக்கு நிக்காது.

முதலாவது அநியாயம் எங்கட உடப்புக் கரையில. கரையில நிண்டு இழுக்கிற கரைவலைக்கு முறை இருக்குது, தெரியுந்தானே? ஒரு துறையில ஒரு நாளைக்கு ஒரு வள்ளந்தான் வலை வளைக்கலாம். சிவராத்திரி அண்டு ஒருத்தரும் கடலுக்கு இறங்குறேல்ல. நல்ல வழக்கம், நான் குறை சொல்லேல்ல. ஆனா அண்டைக்கு ஆருட முறையோ, அவன்ர முறை அப்பிடியே செத்துப்போச்சு! திரும்பச் சுத்தி வருமட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கோணும். இந்த வருசம் ஆருட முறை? என்ர! சிவபெருமானுக்கு நான் என்ன கெடுதல் செய்தன்?

ரெண்டாவது, சங்கக் கூட்டம். சிவராத்திரிக்கு முதல்நாள் பின்னேரம். இந்தா, கதிரையில இருக்கிறாரே கனகசுந்தரம் ஐயா, இவர்தான் தலைவர். நான் எழும்பி ஒரு தீர்மானம் வைச்சன். செத்த முறையை மறுநாளுக்குக் குடுங்கோ, மற்றவையெல்லாம் ஒவ்வொரு நாள் தள்ளிப் போங்கோ எண்டு. உரிமை எண்டால் என்ன, முறை எண்டால் என்ன, எல்லாம் விளக்கினன். நடுவில அந்த உமாசுதன், மறுநாள் முறைக்காரன், கொட்டாவி விட்டான். கொட்டாவி, தம்பி! நான் பேசேக்க! "வெளிநடப்புச் செய்யிறன்!" எண்டு எழும்பி வந்திட்டன். உப்பளத்தில கூலிக்கு நிண்ட காலந்தொட்டு நான் ஒரு கூட்டத்திலயும் கடைசிமட்டும் இருந்தவனில்ல. இருந்தா மதிப்புக் கெட்டுப்போகும்.

என்ன தலைவரே? ...பொறுங்கோ. இங்க வரேக்க பஸ்ஸிலயும் இப்பிடித்தான், மதுரங்குளியில தொடங்கி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார். சாட்சி எண்டால் பார்க்கோணும் ஐயா, கதைக்கப்படாது.

மூண்டாவது. வீட்டுக்கு வந்தன், மருமகன் கிரிசாந்திட்டச் சொன்னன், "வள்ளத்தைத் தொடப்படாது, புறக்கணிப்பு!" எண்டு. எங்கட வள்ளத்துக்கு மனிசிட பேர்தான், கமலாம்பாள். நானே தூரிகை பிடிச்சு எழுதினது. அவன் பிறகு ரெண்டு மூண்டு தரம் "மாமா, சங்கத்தில..." எண்டு தொடங்கினான். வீட்டில இந்தக் கதை எடுக்கப்படாது எண்டு தடை போட்டன். சிவராத்திரிக்கு விடிய விடிய முழிச்சன். கண் ரெண்டும் கொவ்வைப்பழம். கோயிலால நேர கரைக்குப் போய்க் கருவாட்டுப் பரணுக்குப் பின்னால பதுங்கினன். நான் கேட்ட அந்த மறுநாள், விடிஞ்சும் விடியாத நேரம். அப்ப வந்திச்சு தம்பி, ஒரு வள்ளம்! என்ர நாளில! என்ர துறையில! வலையை இறக்கிக்கொண்டு, பாட்டும் பாடிக்கொண்டு!

நாலாவது அநியாயம் இந்தக் கமெரா. மச்சான்ர பொடியன் கட்டாரால கொண்டந்தது. இருட்டில எடுக்கிறதெண்டா வெளிச்சம் பிடிக்கிற ஐஎஸ்ஓ இலக்கத்தைக் கூட்டோணுமாம். கூட்டினன். இருபத்தையாயிரத்து அறுநூறு! ஒண்டை எடுத்துக்கொண்டு, ஒருத்தர் கண்ணிலயும் படாம வீட்டுக்கு ஓடியந்திட்டன். படம் வந்திச்சு. வந்ததென்ன, கடல் முழுக்க ஆரோ மிளகாய்த்தூள் தூவின மாதிரிப் புள்ளி. ஆள் எது, அலை எது எண்டில்ல. வள்ளத்தின்ர முன்பக்கம், அணியத்தில பேர் எழுதியிருக்கிறது மட்டும் மங்கலாத் தெரியுது, என்ன பேரெண்டு தெரியேல்ல.

அஞ்சாவது, முதல் போன கடை. பேர் சொல்லமாட்டன், உங்கட தொழில்காரன்தான். அவன் கமெரா தானே செய்து வைச்ச ஜேபெக்கை எடுத்து, புள்ளியெல்லாம் வழிச்சுத் துடைச்சுத் தந்தான். வள்ளம் கலியாணப் பொம்பிளை மாதிரிப் பவுடர் பூசிக்கொண்டு நிக்குது. பேரும் சேர்ந்து போச்சு! பிறகு "மூளையுள்ள மென்பொருள் இருக்குது, ஐயா" எண்டான். அது எழுத்தே கொண்டந்திச்சு, தம்பி. வடிவான எழுத்து. தமிழுமில்ல, சிங்களமுமில்ல. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தா "கடற்கன்னி" எண்டு வாசிக்கலாம். கடற்கன்னி ஆருட வள்ளம்? உமாசுதன்ர! ஆசை வந்தது, மறைக்கமாட்டன். ஆனா இல்லாத எழுத்தைத் தானே எழுதித் தாறது பொய்ச்சாட்சி. உமாசுதனுக்கெதிரா எண்டாலும் பொய்ச்சாட்சி எனக்கு வேண்டாம். எழும்பி வந்திட்டன். அங்கயும் வெளிநடப்புத்தான்.

அதுதான் உங்கட கடை தேடி வந்தது. நீங்கள் "றோ இருக்குதா?" எண்டு கேட்டீங்களே, அந்த ஒரு கேள்வியில நீங்கள் என்ர ஆள். ஜேபெக் எண்டால் தலைவர் எழுதின கூட்டறிக்கை, குறை நினைக்காதீங்கோ ஐயா. றோ எண்டால் கமெரா கை வைக்காத மூலம், கூட்டத்தில நடந்த சத்தம் முழுக்க. இருமல், கொட்டாவி, எல்லாம்.

இப்ப எந்த மென்பொருளில திறக்கப் போறீங்கள்? ...அது மாசாமாசம் வாடகை கட்டிறதோ? வேண்டாம், சொந்தக் கண்ணுக்கு வாடகையோ? ...கமெராக் கொம்பனி சும்மா தாறதோ? சும்மா தாற கொம்பனியை நான் கண்டதில்ல. ...மற்றது? முதலாளி இல்லையோ? ஊரூரா இருக்கிறவை சேர்ந்து செய்ததோ! அப்ப அதுதான்! திறவுங்கோ!

அடேயப்பா, திரையில எத்தினை குமிழ்! கூட்டுறவெண்டால் அப்பிடித்தான், ஆளுக்கொரு குமிழ் வைப்பான்.

அல்பிரட் அண்ணை, போகாதீங்கோ! நீங்கள் எடுக்க வந்த அடையாள அட்டைப் படம் ஓடிப்போகாது. தலைவர் எங்கட ஊர், நீங்கள் வெளியாள், ரெண்டு சாட்சியும் வேணும். கேளுங்கோ ரெண்டு பேரும். துண்டுப்பிரசுரம் அடிச்சாச்சு, பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்குது. இந்த வள்ளம் ஆருடையதோ, அது பருவம் முடியுமட்டும் கரையில கவிழ்ந்து கிடக்கோணும். ஆரெண்டாலும்! சொந்தம் பந்தம் பார்க்கப்படாது. பேரை நானே எழும்பி நிண்டு உரத்து வாசிப்பன்.

ஓம் தம்பி, நிறப் புள்ளியை மட்டும் எடுங்கோ, கறுப்புப் புள்ளி இருக்கட்டும்... ஆ! மிளகாய்த்தூள் போச்சு! மணல் மாதிரிக் கொஞ்சம் கிடக்குது, கிடக்கட்டும், அதுக்குள்ளதான் எழுத்திருக்குது. நிழலைத் தூக்குங்கோ... இன்னும்... மெல்ல!

"க"! பார்த்தீங்களா, "க"! நான் சொன்னனா இல்லையா? கடற்கன்னி! கொட்டாவி விட்டவன் கொட்டாவிக்குப் பதில் சொல்லட்டும்! அடுத்த எழுத்து... "ட" வரோணும்... இது... "ம" மாதிரிக் கிடக்குது... தம்பி, குமிழைப் பின்னுக்குத் திருப்புங்கோ... "லா"...

அந்த வளைவு... அது என்ர கை எழுதினது.

தலைவரே... நீங்கள் என்ன சொல்ல வந்தீங்கள்? ...நான் எழும்பிப் போனாப் பிறகா? ...எல்லாருமா? உமாசுதனுமா? முதல் தூக்கின கையே அவன்ரயா! என்ர தீர்மானம் நிறைவேறினதா? ...கிரிசாந்திட்டச் சொல்லி, அவன் விடிய வள்ளத்தைத் தள்ளி...

அதுதானா! அண்டு மத்தியானம் கமலாம்பாள் தட்டு நிறையப் பாரைமீன் குழம்பு விட்டுப்போட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சவள். நானும் "களவாணிகள்!" எண்டு திட்டிக்கொண்டு ரெண்டாந்தரமும் வாங்கித் திண்டன்.

ஏன் ஐயா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?

...ஆ. ஓம். ஓம். நான் கதைக்க விட்டால்தானே.

சிரிக்காதீங்கோ அல்பிரட் அண்ணை. தம்பி, நீங்களுந்தான். முப்பது வருசத்தில நான் கேட்டது கிடைச்சது இதுதான் முதல்தரம். அந்த நேரம் பார்த்து நான் பரணுக்குப் பின்னால!

என்ன? ...இல்ல, திரையை மூடாதீங்கோ. சொன்னது சொன்னதுதான். எல்லாரும் எழும்பி நில்லுங்கோ. என்ர நாளில, என்ர துறையில வலை போட்ட வள்ளம், சாட்சிகள் முன்னால வாசிக்கிறன்:

கமலாம்பாள்.