நாலு பக்கமும் தலை

"மச்சாள், ஒரு போர்வைக்கு எப்பிடி நாலு பக்கமும் தலை இருக்கும்?"

கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் இதைக் கேட்டதும் எனக்கு நித்திரை கலைந்துவிட்டது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கேட்டவளுக்கு நிறைமாதம். மற்றவள் அவளுடைய கணவனின் அக்கா. சேலைத் துண்டுகளைக் கையால் பொருத்தித் தைத்த குழந்தைப் போர்வை மூத்தவளின் மடியில் விரிந்து கிடந்தது. வவுனியாவில் ஒரு தையல் கடையில் உள்ளே பஞ்சு வைத்து, மிசினில் மயில் போட்டுத் தைக்கக் கொண்டுபோகிறார்களாம்.

"கடைக்கார அக்கா என்ன சொன்னவா?"

"அயன் பண்ணச் சொன்னவா, பண்ணினன். குண்டூசியெல்லாம் கழட்டச் சொன்னவா, கழட்டினன். மயில் தலைகீழா வராமல் இருக்க, தலைப்பக்கத்தில ஒரு அடையாளம் வைக்கச் சொன்னவா. மஞ்சள் வைச்சன்."

"ஒரு பக்கத்தில தானே?"

"புதுத்துணியெண்டால் மூலைக்கு மூலை மஞ்சள் வைக்கிற கையெல்லோ! அது தன்பாட்டில நாலு மூலைக்கும் போயிட்டுது."

இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கோ மயிலைப் பற்றித்தான் கவலை.

"அப்ப மயில் எந்தப் பக்கம் பாக்கிறது?" நல்லவேளை, இளையவளே கேட்டுவிட்டாள்.

மூத்தவள் போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படிப் பிடித்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. கடைசியில் ஃபோனை எடுத்தாள்.

"அக்கா, மூலைக்கு ஒண்டா நாலு மயில் போடுங்கோ. எங்கட பிள்ளை இரவு முழுக்கச் சுத்திச் சுத்தித்தான் படுக்கும். எந்தப் பக்கம் முழிச்சாலும் ஒரு மயில் நேரா நிக்கோணும்."