இரண்டாவது மாத்திரை

— ஒண்ணும் தொந்தரவில்லீங்க டாக்டரம்மா. இப்பெல்லாம் வேர்க்கறதே இல்லீங்க. ராத்திரி படுத்தா காலைல பாங்கு சத்தத்துக்குத்தான் முழிப்பு.

— யாருக்கு, ரசாக் பாய்? உங்களுக்கா, உங்க வீட்டம்மாவுக்கா?

— வூட்லதானுங்க. ரம்லாவுக்குத்தான்.

— அப்ப ரம்லாம்மாவே சொல்லட்டுமே. எப்படிம்மா இருக்கீங்க?

— அவ என்னத்தங்க சொல்லப்போறா? நல்லாத்தான் இருக்கறா. முன்னெல்லாம் மார்கழிக் குளுருல ஃபேனப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. நான் துணிக்கடையில கட்பீஸக் கிழிக்கறேன்னா, வூட்டுக்குப் போனா இவ என்னையக் கிழிப்பா. உங்க மாத்திரை வந்த பொறவுதான் வூடு வூடா இருக்குது.

— ஏனுங், நான் எப்பங்க உங்களக் கிழிச்சேன்?

— பாத்தீங்களா, பேசிட்டா. நல்லாத்தான் இருக்கறா.

— சரி. மாத்திரை ரெண்டும் ஒழுங்கா சாப்பிடறாங்களா? தினமும் ரோஸ் கலர், மாசக் கடைசியில அதோட சேத்து வெள்ளை?

— அதெல்லாம் ஒழுங்காங்க. நான்தானே வாங்கியாந்து குடுக்கறேன்.

— உங்களை அடுத்த மாசம்தானே வரச் சொல்லியிருந்தேன்? இப்பவே வந்துட்டீங்க?

— சும்மாங்க. ஒருக்கா காட்டிட்டுப் போலாம்னு. நீங்க மறுக்கா முழுசாப் பாத்துருங்க. உள்ள, வெளிய, என்னென்ன பாப்பீங்களோ அத்தனையும் பாத்துருங்க.

— டாக்டரம்மா, அடுத்த மாசம் இவரும் நானும் ஹஜ்ஜுக்குப் போறோமுங்க. அதனால மாத்திரைய மூணு மாசத்துக்கு எழுதிக் குடுங்க.

— ஒரு மாசத்துக்கு எழுதுனா போதுங்க டாக்டரம்மா.

— ஏனுங், மக்காவுல போயி மருந்துக்கடை தேடுவீங்களா?

— அதப் பொறவு பாத்துக்கலாம் புள்ள. மொதல்ல டாக்டரம்மா பாக்கட்டும்.

— அப்ப நீங்க கொஞ்சம் வெளிய இருங்க பாய். பாத்துட்டுக் கூப்பிடறேன்.

— சரீங்க. ரம்லா, பயப்படாத. நான் கதவுக்கிட்டயேதான் நிக்கறேன்.

— கதவுக்கிட்ட நிக்க வேண்டாம் பாய். பெஞ்சுல போய் உக்காருங்க.

— சரீங்க, சரீங்க.

— ம், ரம்லாம்மா. அந்தத் திரைக்குப் பின்னாடி போய்ப் படுங்க.

— கதவ நல்லாச் சாத்திட்டாருங்களா?

— சாத்திட்டார்.

— இன்னிக்கு வேண்டாமுங்க டாக்டரம்மா.

— ஏன்?

— வேண்டாமுங்க. பொறவு ஒரு நாளைக்கு வாரேன்.

— ரத்தம் படுதா?

— எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?

— வேற எதுக்கு வேண்டாம்னு சொல்லுவீங்க? எத்தனை நாளா இருக்குது?

— நோம்புப் பெருநாள் முடிஞ்சு ஒரு வாரத்துல ஆரம்பிச்சதுங்க. நிக்குது, மறுக்கா வருது. ஒரு நாளைக்குச் சொட்டுச் சொட்டா, ஒரு நாளைக்குத் தாங்காது.

— வெள்ளை மாத்திரை முடிஞ்ச பின்னாடி நாலஞ்சு நாள் வரும். அது போக நடுவுலயும் வருதா?

— ஏனுங்க, அது வரும்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன? அந்த மாத்திரையோட வேலையே அதுதான். மொத தடவையே சொன்னேனே, மாசாமாசம் கொஞ்சம் வரும், பயப்படாதீங்கன்னு.

— ஆருகிட்டீங்க சொன்னீங்க?

— உங்க ரெண்டு பேருகிட்டயும்தான்.

— நான் அப்ப அந்தத் திரைக்குப் பின்னாடி சேலையச் சரி பண்ணிட்டு நின்னேனுங்க. வெளிய வாரதுக்குள்ள அவரு சீட்ட மடிச்சுப் பாக்கெட்ல போட்டுட்டு எந்திரிச்சுட்டாருங்க. பஸ்ஸுல வாரப்ப, டாக்டரம்மா என்னங்க சொன்னாங்கன்னு கேட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாங்கன்னாரு. நான் சோத்தச் சொல்றாருன்னு நெனச்சேன்.

— இதை உங்ககிட்ட அவர் சொல்லவே இல்லையா?

— அவரு எப்படீங்க சொல்லுவாரு? அந்த மாத்திரைய வாங்கறப்பவே மருந்துக்கடைக்காரர் மூஞ்சியப் பாக்காம போஸ்டரப் பாத்துட்டு நிப்பாராம். அவரு வாயில இருந்து அந்தப் பேச்செல்லாம் வராதுங்க.

— அப்ப மொத மாசம் ரத்தம் வந்தப்ப நீங்க என்ன நெனச்சீங்க?

— உசுரே என்கிட்ட இல்லீங்க. ஒரு வருசமா நின்னு போனது. அது மறுக்கா வருதுன்னா, மத்ததெல்லாமும் மறுக்கா வரும்தானுங்க? என்ற மக ரிஃபானாவப் பெருந்துறையில குடுத்திருக்குது, அவ அப்ப ஆறு மாசம். அம்மாளும் மகளும் ஒரே ஆசுபத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல புள்ள பெத்துட்டுக் கெடந்தா, சம்பந்தி வூட்ல என்ன பேசுவாங்க? சிரிக்காதீங்க டாக்டரம்மா.

— இல்ல, சிரிக்கல. சொல்லுங்க.

— சிரிக்கறீங்க. பரவாயில்ல, இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது. அப்ப வரல. நான் பாட்டுக்கு நெஞ்சுல கைய வச்சுட்டு மல்லாந்து படுத்திருப்பேன். அவரு பக்கத்துல வந்தாலே வெரட்டுவேன்.

— அப்புறம்?

— ரெண்டாவது மாசம் கவனிச்சுப் பாத்தேனுங்க. வெள்ளை மாத்திரை முடிஞ்சதும்தான் வருது. ரோஸ் மாத்திரைக்கு ஒண்ணும் ஆகறதில்ல. அப்பத்தான் இங்க வெளிய பெஞ்சுல மயிலாத்தாள்னு ஒரு அம்மாவப் பாத்தேன், கோபியில இருந்து வாராங்களே. அவங்க பையில ரோஸ் மட்டும்தான் இருந்துச்சு. வெள்ளை இல்லீங்களான்னு கேட்டேன். எனக்கு இது ஒண்ணே போதும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க அம்மணின்னாங்க. அவங்க என்னையப் போல ரெண்டு ஆளு இருப்பாங்க. அந்த ஒடம்புக்கே ஒண்ணு போதும்னா எனக்கு எதுக்குங்க ரெண்டு?

— அதனால வெள்ளையை நிறுத்திட்டீங்க.

— ஆமாங்க. தீபாவளிக்கு முன்னாடி.

— அவர் வாங்கிட்டு வந்ததையெல்லாம் என்ன பண்ணுனீங்க?

— சாக்கடையில போட்டு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திருவேன்.

— ரோஸையும் சேத்து நிறுத்தியிருந்தாக்கூட இவ்வளவு கவலை இல்ல ரம்லாம்மா.

— அத நிறுத்துனா ஒடம்பெல்லாம் கொதிக்கற அந்தத் தணல் மறுக்கா வந்துருமேங்க. அதப் பட்டவங்களுக்குத்தான் தெரியும். போன வருசம் மாதவிலக்கு நின்னுருந்தும் என்னால நோம்பு முழுசாப் புடிக்க முடியலீங்க. சட்டை நனைஞ்சு, தொண்டை வறண்டு, மத்தியானமே தண்ணி குடிச்சுப்போட்டேன். அதுக்கு முந்தியெல்லாம் வருசா வருசம் மாதவிலக்கால சில நாள் விட்டுப்போகும். எல்லாரும் நோம்போட இருக்க, நான் மட்டும் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால நின்னுட்டுத் திம்பேன். இந்த வருசந்தானுங்க வாழ்க்கையில மொத மொதல்ல முப்பதும் புடிச்சேன். அவரு கடைவீதியெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு, என்னமோ அவரே புடிச்ச மாதிரி.

— இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. ரோஸ் மாத்திரை அந்தச் சூட்டைத் தணிக்கும். ஆனா கர்ப்பப்பைக்குள்ள ஒரு சவ்வு இருக்குது, அதையும் சேத்து வளர்த்துவிடும். வெள்ளை மாத்திரைதான் அதைக் கட்டுப்படுத்தி, மாசாமாசம் கழிச்சு வெளிய தள்ளும். கர்ப்பப்பையை எடுத்துட்டவங்களுக்கு வளர்றதுக்கு ஒண்ணும் இல்ல, ரோஸ் மட்டும் போதும். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்குதே.

— அப்ப அந்தக் கோபி அம்மாவுக்கு...

— அவங்களைப் பத்தி நான் பேச மாட்டேன். நீங்க உங்களைப் பாருங்க.

— அப்ப எனக்கு உள்ள என்னங்க வளந்து கெடக்குது?

— தெரியல. ஸ்கேன் பண்ணணும். கொஞ்சம் சவ்வை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். வர்ற வாரமே செஞ்சாகணும்.

— கேன்சருங்களா?

— முக்காவாசிப் பேருக்கு அது இருக்காது. ஆனா பாக்காம நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் ரோஸையும் சாப்பிட வேண்டாம்.

— மறுக்கா தணலுங்களா?

— கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கங்க. அப்புறம் என்ன பண்றதுன்னு சேந்து யோசிப்போம்.

— ஒண்ணு கேக்கட்டுங்களா? இது மாதவிலக்குங்களா, நோவுங்களா?

— எதுக்குக் கேக்கறீங்க?

— மாதவிலக்குன்னா தொழக்கூடாதுங்க. நோவுன்னா தொழலாமுங்க. எனக்கு எதுன்னே தெரியல. அதனால ஒரு நாள் தொழறேன், ஒரு நாள் விடறேன். தொழுதா தொழுதது தப்போன்னு இருக்குது, விட்டா விட்டது தப்போன்னு இருக்குது. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேக்கலாம்னா ரத்தம்னு சொல்ல நாக்கு எழாது. உங்ககிட்டக் கேட்டா உங்களுக்குத் தொழுகை தெரியாது. நான் எங்கதானுங்க போறது?

— தொழுகையைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது ரம்லாம்மா. இது மாதவிலக்கு இல்ல. அதை மட்டும் என்னால சொல்ல முடியும். ஆனா இதையெல்லாம் முன்னாடியே கேட்டிருக்கலாமே? வெள்ளையை நிறுத்துன பின்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போனீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— எப்படீங்க சொல்றது?

— வாயைத் திறந்துதான்.

— கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா, சொல்லிப்போடறேன். ரத்தம் எனக்கு வருது, வேர்வை எனக்கு வருது, ஆனா நீங்க அவரப் பாத்துத்தான் கேப்பீங்க. அவரு ஒண்ணும் தொந்தரவில்லீங்கம்பாரு. நீங்க அத எழுதிக்குவீங்க. நான் நடுவுல பொட்டாட்டப் பேசாம உக்காந்திருப்பேன், துணிக்கடையில பொம்மைக்குச் சேலை கட்டி வச்ச மாதிரி. இன்னிக்குத்தான் நீங்க மொத மொதல்ல, ரம்லாம்மாவே சொல்லட்டுமேன்னீங்க. அதையும் அவரே புடுங்கிட்டாரு. ரெண்டு மாத்திரை எதுக்குன்னு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா, நான் பெஞ்சுல உக்காந்திருந்தவங்ககிட்டப் போய்க் கேட்டிருப்பேனுங்களா?

— கேட்டிருக்க மாட்டீங்க.

— அதிகமாப் பேசிட்டனுங்களா?

— இல்ல. வெளிய கூட்டம், நேரமில்லைன்னு நான் ஏதாவது சொல்லலாம். ஆனா அன்னிக்கு நீங்க திரையை விட்டு வர்ற வரைக்கும் நான் காத்திருந்திருக்கணும். அது என் தப்புதான். இனிமே எதுன்னாலும் உங்களைக் கேட்டு உங்ககிட்டயே சொல்றேன். இப்ப அவரைக் கூப்பிடட்டுமா?

— அய்யோ, வேண்டாமுங்க. அவருகிட்டச் சொல்லாதீங்க.

— டெஸ்டுக்கு அன்னிக்கு மயக்க மருந்து குடுப்போம். கூட ஆள் வேணும்.

— சொன்னா ஹஜ் நின்னு போயிருமுங்க. கல்யாணமான நாள்ல இருந்து அந்தப் பேச்சுதான் பேசிட்டு இருக்கறாரு. எங்க கடைத் தானுலயே ஹஜ்ஜுல உடுத்தற வெள்ளைத் துணி அளந்து கிழிச்சு எடுத்தாந்து பீரோவுல வச்சிருக்கறாரு. அதுல நாலு அந்துருண்டை வேற. மக்காவுல அந்த அல்லா வூட்டத் தொட்டுச் சுத்தறப்ப எனக்கு இது வந்துரக்கூடாதேன்னுதானுங்க நான் அந்த மாத்திரையவே தொடாம இருந்தேன். எதுக்குப் பயந்தேனோ அதுவே வந்து நிக்குது.

— நான் அவர்கிட்டச் சொல்ல மாட்டேன் ரம்லாம்மா. உங்க உடம்பு, நீங்க சொல்லுங்க. ஆனா சொல்லாம மட்டும் இருந்துராதீங்க.

— நான் டெஸ்ட் பண்ணாம ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்து பண்ணுனா?

— வேண்டாம். அவ்வளவு நாள் தள்ளிப்போட நான் சரின்னு சொல்ல முடியாது.

— கூப்புடுங்க அப்ப. இல்லீங், இருங்க. கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா?

— இந்தாங்க.

— ம். கூப்புடுங்க.

— ரசாக் பாய், உள்ள வாங்க.

— பாத்துட்டீங்களா டாக்டரம்மா? ஒண்ணும் தொந்தரவில்லீங்களே?

— ஏனுங், தொந்தரவு இருக்குதுங்க. உக்காருங்க, நான் சொல்றேன்.

— டாக்டரம்மா சொல்லட்டும் புள்ள.

— மொத தடவ டாக்டரம்மா சொன்னத நீங்க என்கிட்ட வந்து சொன்னீங்களா? அதனால இந்தத் தடவ நானே சொல்றேன். நடுவுல பேசாதீங்க, பேசுனா எனக்கு வந்த பேச்சு போயிரும். அந்த வெள்ளை மாத்திரைய தீபாவளியில இருந்து நான் முழுங்கல. நோம்பு முழுசாப் புடிக்கணும், ஹஜ்ஜுல சுத்தமா இருக்கணும்னு பண்ணுனேன். பெருநாள்ல இருந்து ரத்தம் படுது. உள்ள இருந்து எடுத்து டெஸ்ட் பண்ணணுமாம். என்னவா இருக்கும்னு டாக்டரம்மாவுக்கும் தெரியாது. என்னால வர முடியாமப் போனா நீங்க மட்டுமாவது போய்ட்டு வாங்க. என்னைய வச்சு நிறுத்திப்போடாதீங்க. ஏனுங், என்னையப் பாருங்க. கால் பெருவெரலப் பாத்துட்டு இருந்தா எப்படி?

— பாய், ஏதாவது சொல்லுங்க. அவங்க உங்க வாயைத்தான் பாத்துட்டு இருக்காங்க.

— என்னத்தங்க டாக்டரம்மா சொல்றது? பயணமே இல்லீங்க. மாசத்து நடுவுலயும் பொறக்கடைக் கொடியில சேலைக்கு அடியில இவ மறைச்சுக் காயப்போட்டிருந்த துணியப் பாத்த அன்னிக்கே போயி ஹஜ் லிஸ்ட்ல இருந்து ரெண்டு பேரு பேரையும் திருப்பி வாங்கிப்போட்டேன். அத இவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல, நீங்களே பாத்துட்டு, ஹஜ்ஜுக்குப் போக வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னுதான் இன்னிக்கு இவளக் கூட்டிட்டு வந்தேன்.