அண்ணையின் போத்தல்

எங்கள் வீட்டில் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று எனக்குப் பெயர். அதனால்தான் அண்ணை அந்தப் போத்தலை என்னிடம் தந்தார்.

கலியாணமாகி நான்கு வருடமாகியும் அண்ணைக்குப் பிள்ளை இல்லை. அவருடைய விந்தையும் பரிசோதிக்க வேண்டும் என்றார் டொக்டர். நேரில் போக அண்ணைக்கு வெட்கம். வீட்டிலேயே எடுத்து, "உடன கொண்டுபோய்க் குடு. ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்றார்.

முன்பு வெங்காயத் தோட்டத்தில் இருவரும் முறை வைத்துத்தான் மருந்து அடித்தோம். நான் மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு என் முறையையும் அவரே எடுத்துக்கொண்டார். நான் வகுப்பில் சேர்ந்த காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை. கமம் செய்கிற விவசாயிகளின் கூட்டமொன்றுக்கு அவருக்குப் பதிலாக நான் போயிருந்தேன். முகமூடியும் கையுறையும் இல்லாமல் வருடக்கணக்கில் பூச்சிமருந்து அடித்தால் ஆண்களுக்கு விந்தணு குறையலாம், நிறுத்தினால் சிலருக்குத் திரும்பச் சரிவரலாம் என்று அங்கே ஒரு அதிகாரி சொன்னார். அடுத்த கிழமையே வகுப்பில் சேர்ந்தேன்.

யாழ்ப்பாணத்தில், பரிசோதனை நிலையத்தின் கழிப்பறையில் அண்ணையினுடையதை ஊற்றிவிட்டேன். என்னுடையதை வேறு போத்தலில் எடுத்து, பிரகலாதன் என்று அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் தலைகுனியக் கூடாது என்பதற்காகவே செய்ததாக நம்பினேன். முடிவில் குறை எதுவும் இல்லை. படித்ததும் பெரிய நிம்மதி. அது அண்ணைக்காக வந்த நிம்மதி அல்ல.

பிறகு ஆரபி அண்ணிக்குத்தான் ஊசி, மாத்திரை, விரதம் எல்லாம். போன மாதம் அம்மா, "இன்னும் எத்தினை வருசம் உவளை வச்சுப் பாக்கிறது?" என்றார். அண்ணை எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். பருத்தித்துறைக்கு, தாய்வீட்டுக்கு, அண்ணியை பஸ் ஏற்றிவிட்டவனும் நான்தான்.

"தம்பி, அங்கை போத்தலை ஆரின்ரையோடையும் மாறிப்போட்டினமோ?"

"இல்லை அண்ணி. என்ரை கையாலைதான் குடுத்தனான்."

சொன்னதில் பொய் இல்லை என்று பஸ் மறையும்வரை நினைத்துக்கொண்டு நின்றேன்.

இன்று எல்லாவற்றையும் சொல்லிவிடத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணை வெறும் மேலோடு, முதுகில் மருந்து டாங்கியுடன் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்னடா, வகுப்பில்லையோ? உந்தச் சட்டையிலை மருந்து மணந்தால் ஒரு பெட்டையும் கிட்ட வராது. போ, போ. நான் அடிக்கிறன்."

"ஓம் அண்ணை" என்றேன். காற்று அவர் பக்கமிருந்து வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, மருந்து படாத பக்கமாகத் தள்ளி நின்றேன்.