அரை மணி நேரத்து எண்ணெய்

— கையெழுத்து போட இவ்ளோ நேரமாடா? பேனா எழுதலையா?

— எழுதுதுக்கா.

— அப்புறம் என்ன, மனுவை மூணாவது தடவை படிக்கிற? உன் பொண்டாட்டி வந்ததும் போட்டுட்டா. ‘இறந்த குழந்தையின் தந்தை’ன்னு இருக்கிறது உறுத்துதா? வேற மாதிரி எழுதுங்கன்னு நானும் கேட்டேன். குமாஸ்தா மாத்த மாட்டேன்னுட்டார்.

— அது இருக்கட்டும்.

— நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. நர்ஸ் நான் பேசினா சம்பளத்துக்குப் பேசுறாம்பாங்க. நீ பேசினா வாயை மூடிட்டுக் கேப்பாங்க. அழுக்கு எண்ணெய் எரிக்கிற கப்பல் வரி கட்டணும், அந்தப் பணத்துல நம்ம துறைமுக ஆஸ்பத்திரி நடக்கணும். இவ்ளோதானே சட்டம்? முதல் வருஷம் நடந்துச்சா இல்லையா? சாயங்கால வார்டு வந்துச்சு, மூச்சு மிஷின் நாலு வந்துச்சு.

— வந்துச்சு.

— இப்ப ஏழு மாசமா ஒரு கப்பல்கூட வரி கட்டலை. பணமில்லாம வார்டையும் பூட்டிட்டாங்க. எல்லாத்துலயும் சுத்தமான எண்ணெயாம். கொடியில காயப்போட்ட வெள்ளைத் துணி கறுப்பா வருது, எண்ணெய் மட்டும் சுத்தமாம். அப்ப வரி எதுக்குன்னு நாளைக்கு எடுத்துடப் போறாங்க. எடுத்துட்டா வார்டுக்குப் போட்ட பூட்டு போட்டதுதான்.

— சோதனைக்கூடத்துல அப்படித்தானே வந்திருக்கு.

— அங்கதான் எவனோ கை நீட்டியிருக்கான். நாளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப் போறேன்.

— கேக்காதக்கா. அவங்க மேல தப்பு இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அங்க போற பாட்டிலை நிரப்புறது நான்தானே.

— அதுதான் ஊருக்கே தெரியுமே.

— எண்ணெய்ப் படகுலேர்ந்து கப்பலுக்கு ஏத்துறப்ப குழாய்ல ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் துளி திறந்து வெச்சா சொட்டிக்கிட்டே இருக்கும். ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்து முடியிற வரைக்கும் சொட்டணும். அஞ்சு மணி நேரமும் ஆகும், ஆறும் ஆகும். எல்லாத்தையும் கலக்கி, பாட்டில்ல ஊத்தி, சீல் வெக்கணும்.

— சரி.

— நான் திருகை நல்லாத் திறந்துவிட்டு அரை மணி நேரத்துல நிரப்பிடுவேன். சீல் வெச்சிட்டுக் கிளம்பிடுவேன்.

— ஏன்டா?

— பாப்பாவுக்கு மூச்சு வாங்கும்ல. மிஷின் மாட்டினாலும் நான் கையைப் பிடிச்சாத்தானே அடங்குவா. ஒரே குழாய், ஒரே எண்ணெய், எப்பப் பிடிச்சா என்னன்னு இருந்துட்டேன்.

— அதுல என்ன வந்துச்சு?

— போன வாரம்தான் முதல் தடவையா கடைசிவரைக்கும் நின்னேன். இப்ப எங்கயும் ஓட வேண்டியதில்லையே. அரை மணி நேரம் தேன் மாதிரி வந்துச்சு. அப்புறம் தார்க்கா. அந்த வாடையில எனக்கே நெஞ்சு அடைச்சுது. படகுக்காரங்க நான் கிளம்புற நேரத்தைப் பாத்து வெச்சிருக்காங்க.

— ஏழு மாசமாவா?

— ஏழு மாசமும். அன்னிக்கு வார்டு வாசல்ல பாப்பாவைத் தூக்கிட்டு நின்னேனே. அந்தப் பூட்டு நான் போட்டது.

— உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

— சொல்ல வாய் வரலை. அவ பாப்பா சட்டையை மடிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டிருக்கா. எந்த நேரத்துல சொல்ல?

— இதை நாளைக்குச் சொன்னா வேலை போயிடும்டா. உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்க.

— சொல்லலைன்னா வரி போயிடும். ‘தந்தை’ங்கிறதை அடிச்சிட்டு, பாட்டில் நிரப்புறவன்னு எழுது. கையெழுத்து போடுறேன்.

— பாதியில கிளம்பலாம்னு உனக்கு யார் சொன்னதுன்னு கேப்பாங்க.

— யாரும் சொல்லலை. நானாத்தான் கிளம்பினேன்.

— என்னைப் பாத்துச் சொல்லு.

— விடுக்கா. நானாத்தான்.

— பேனாவை இப்படிக் குடு. தந்தைங்கிறதை அடிக்க மாட்டேன், அது கிடக்கட்டும். அதுக்குக் கீழ என் பேரும் வரணும். ‘சொட்டுறதுக்கு எதுக்குடா காவல், சட்டுனு நிரப்பிட்டு வா, புள்ள தேடுது’ன்னு வார்டுலேர்ந்து தினமும் போன் பண்ணினது நான்தானே.