ரத்தம் நார்மல்தான்

என்னது, ரத்த டெஸ்டுல கிரியாட்டினின் நார்மலா? அடேங்கப்பா! அப்புறம் எதுக்கும்மா இந்த ஸ்கேன் வாசல்ல காத்துக் கெடக்கறே? கிளம்பு, கிளம்பு. உங்கப்பாவுக்கு கிட்னி பூரா நீர்க்கட்டி, அதனால உனக்கும் பாத்துடலாம்னு டாக்டர் சொன்னாரா? அவருக்கு வேற வேலையில்ல. ரத்தம் நல்லாயிருந்தா போதாதா!

எங்க வீட்டுலயும் ஒரு துரை இருக்காரு, என் தம்பி. எங்கப்பா இதே நோயிலதான் போனாரு. பிள்ளைங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்கன்னு அப்பவே சொல்லிவிட்டாங்க. துரை என்ன பண்ணுவாரு, வருஷா வருஷம் டெஸ்டுக்கு ரத்தம் மட்டும் குடுப்பாரு. நம்பரைப் பாத்துட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவாரு. ஸ்கேனுக்கு அரை நாள் லீவு போடணுமாம். இவரு போகலேன்னா ஆபீசே இடிஞ்சு விழுந்துடும் பாரு.

நானா? நான் அப்பல்லாம் ரத்தம்கூடக் குடுத்ததில்ல. எனக்கென்ன, கல்லு மாதிரி இருந்தேன்.

கடைசியில துரை ஸ்கேன் எடுத்தாரு, காலு வீங்கி மூச்சு வாங்கினப்புறம். கிட்னியோட நீளம், அகலம், பருமன் எல்லாம் அளந்தாங்க. வயசைக் கேட்டாங்க, உயரத்தைக் கேட்டாங்க. என்னடா, சம்பந்தம் பேசப் போறாங்களான்னு நெனச்சேன். அதையெல்லாம் வெச்சுத்தான் நோய் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு கணக்குப் போடுவாங்களாம். நான் தையல்காரிம்மா, எத்தனையோ அளவு எடுத்திருக்கேன். பதினோரு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது இருபத்திரண்டுன்னு சொன்னதும், இன்னொரு தடவை அளந்து பாருங்கன்னேன்.

பின்ன ரத்தத்துல ஏன் தெரியலன்னு சண்டைக்கே போயிட்டேன். டாக்டர் பொறுமையாச் சொன்னாரு, கெட்டுப்போன பாகத்தோட வேலையையும் நல்லாயிருக்கற பாகம் சேத்துப் பாத்துக்குமாம், ரொம்ப நாளைக்கு நம்பர் அசையாதாம். அதுவும் சரிதான். எங்க கடையில நாலு பேரு வரலேன்னா நான் ஒருத்தி குனிஞ்ச தலை நிமிராம தைப்பேன். சாயங்காலம் முதலாளி வந்து பாத்தா எல்லாம் நார்மல்.

இப்ப வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். அதோ, அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலதான் படுத்திருக்கான். கிட்னி குடுக்கலாம்னா அவன் பொண்டாட்டிக்கு ரத்த க்ரூப் சேரல. வேற யாரு இருக்கா, நான்தான் தர்றேன்னு சொன்னேன். க்ரூப் சேந்துச்சு. கிரியாட்டினின் பாயிண்ட் எட்டு, பிரமாதம்னாங்க. விடுவேனா? ஒரு சொந்தக்காரங்க பாக்கியில்லாம போன் போட்டுச் சொன்னேன். அவன் அழுதுட்டாம்மா. அக்கா, இனிமே உன்னை எதிர்த்தே பேச மாட்டேன்னான். சின்ன வயசுலேருந்து ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்ல.

ஸ்கேன் மட்டும் பாக்கியிருந்துச்சு. சும்மா ஒரு பேருக்கு எடுக்கறாங்கன்னு நெனச்சேன்.

இந்தக் கவரா? காலையில குடுத்தாங்க. அவனோடது இல்லம்மா, என்னோடது. பதினாறு சென்டிமீட்டர், ரெண்டு பக்கமும் கட்டி. என் கிட்னியை யாருக்கும் குடுக்க முடியாதாம்.

அதோ, உன்னைத்தான் கூப்பிடறாங்க. போம்மா, போய் எடுத்துக்கோ. பையை வெச்சிட்டுப் போ, நான் இங்கதான் இருப்பேன். அவன் வெளிய வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.