லாரியில் வந்த தண்ணீர்

சுற்றுச்சூழல் தினத்தன்று சாயங்காலம், ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கம்பெனி கொடுத்த வேப்பங்கன்று.

“செடிங்களுக்கு ஊத்த லாரில தண்ணி வந்துச்சே, பார்த்தியாக்கா?”

“ஏன், கம்பெனி போர் தண்ணிக்கு இன்னா வந்துச்சு?”

“அத ஊத்துனா கருகிப்பூடுமாம். மேனேஜரே சொன்னாரு. வூட்லயும் தெனம் ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்தணும்னு உறுதிமொழி எடுத்தோமே!”

மூத்தவள் குரல் உயர்ந்தது.

“நல்ல தண்ணிக்கு எங்கடி போறது? நம்ம தெரு பம்புலயும் அதே தண்ணிதான வருது? மஞ்சளா வருதுன்னு போய் நின்னப்ப, ‘தாராளமா குடிக்கலாம், ஒண்ணும் ஆவாது’ன்னு சொன்னது இந்த ஆளுதான!”

இளையவள் கன்றைப் பார்த்தாள். மூத்தவள் விடவில்லை.

“செடி கருகிடுமாம். என் புள்ள குடிச்சா மட்டும் ஒண்ணும் ஆவாதாம்!”